டேஷ்போர்டில் சாவி விளக்கு எரிகிறதா? பதறாதீங்க... முதலில் இதையெல்லாம் பாருங்க!

அதிகாலை நாலரை மணி. சென்னை விமான நிலையத்தின் புறப்பாடு வாசலில் ஒரு கார் நிற்கிறது. டெல்லி ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டதால் கணவர் இன்ஜினை அணைக்காமலேயே இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி இறங்கிச் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறார். கார் ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சாவிப் படம் மின்னுகிறது. பின்னால் இருக்கும் டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒருமுறை கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்.

கார் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பல்லாவரம் தாண்டி பெட்ரோல் போட பங்க்கில் நிறுத்தி, இன்ஜினை அணைக்கிறார். பெட்ரோல் போட்டாயிற்று. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், வண்டி அசையவில்லை. மறுபடியும் அதே சாவிப் படம்.

போன் போகிறது. “ஏங்க, கார் சாவி உங்ககிட்டயா இருக்கு?”

“ஐயையோ... பேன்ட் பாக்கெட்லதான் இருக்கு. செக்யூரிட்டி செக் முடிஞ்சிருச்சேம்மா!”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருக்கும் வீடுகளில் கொஞ்சம் முன்பின்னாக நடக்கக்கூடிய காட்சி. அந்த மஞ்சள் சாவிப் படம் என்ன சொல்ல வந்தது என்பது தெரிந்திருந்தால், விமான நிலைய வாசலிலேயே ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் பிரச்னை. டேஷ்போர்டில் வரும் சாவி விளக்குக்கு என்னதான் அர்த்தம், அது எரிந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், அது சாவிதானா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பலரும் குழம்புவது இங்கேதான். டேஷ்போர்டில் வரும் ஸ்பேனர் படத்தைச் சின்ன ஸ்க்ரீனில் அவசரமாகப் பார்த்தால் சாவி போலவே தெரியும். ஸ்பேனர் என்றால் பெரும்பாலும் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது என்ற நினைவூட்டல். பூட்டுப் படம் என்றால் பெரும்பாலும் திருட்டுத் தடுப்பு அமைப்பு. ஒரு காரின் உருவத்துக்குள் சாவியோ பூட்டோ இருந்தால் அது இம்மொபிலைசர் விளக்கு. தனியாக ஒரு சாவி, பக்கத்தில் ஆச்சரியக்குறி என்றால் ஸ்மார்ட் கீ தொடர்பான எச்சரிக்கை.

டேஷ்போர்டு சின்னங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இந்தச் சாவிப் படமும் அது மின்னும் விதமும் கொஞ்சம் மாறும். அதனால் வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் ‘வார்னிங் லைட்’ பக்கத்தை ஒருமுறை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கையேடு டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கும். தேவைப்படும் நேரத்தில்தான் கைக்குக் கிடைக்காது.

நிறமும் ஒரு தகவல்தான். பச்சை என்றால் எல்லாம் சரி, சாவியை அடையாளம் கண்டுகொண்டேன் என்று அர்த்தம். மஞ்சள் என்றால் கவனியுங்கள். சிவப்பு என்றால் உடனே கவனியுங்கள்.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய கார் சாவி வெறும் இரும்புத் துண்டு கிடையாது. அதற்குள் வெவ்வேறு வேலை செய்யும் பாகங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால், பாதிப் பிரச்னை தீர்ந்த மாதிரி.

ஒன்று, ரிமோட். கதவைத் திறக்க, மூட அழுத்தும் பட்டன். இது சாவியின் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில் ஓடுகிறது. இந்தியாவில் பல கார்களில் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது பேசும்.

இரண்டு, டிரான்ஸ்பாண்டர் சிப். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இதற்கு பேட்டரியே வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பியதும் அந்தச் சுருள் ஒரு குறைந்த அலைவரிசை காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் ரகசியக் குறியீட்டைப் பதிலாக அனுப்பும். மெட்ரோ ரயில் கார்டைக் கதவில் தட்டுகிறோமே, அடிப்படையில் அதே மாதிரியான யோசனைதான். குறியீடு பொருந்தினால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி எரிபொருளையும் ஸ்பார்க்கையும் அனுமதிக்கும். பொருந்தாவிட்டால் விடாது. இந்த வாயிற்காவலனுக்குப் பெயர்தான் இம்மொபிலைசர்.

மூன்று, ஸ்மார்ட் கீ வசதி. பட்டன் ஸ்டார்ட் கார்களில் மட்டும் இருப்பது. காருக்குள் இருக்கும் ஆன்டெனாக்கள் ‘சாவி உள்ளே இருக்கா?’ என்று கேட்கும். சாவி தன் பேட்டரி பலத்தில் ‘இருக்கேன்’ என்று பதில் சொல்லும். சாவி பாக்கெட்டிலோ கைப்பையிலோ இருந்தாலே போதும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: ரிமோட்டுக்கும் ஸ்மார்ட் கீக்கும் பேட்டரி வேண்டும். டிரான்ஸ்பாண்டருக்கு வேண்டாம். அதனால் சாவியின் பேட்டரி முழுசாகச் செத்துப்போனாலும் காரை ஸ்டார்ட் செய்ய ஒரு வழி பெரும்பாலும் இருக்கும். அந்த வழி கீழே வருகிறது.

இந்தப் பூட்டு எப்படி வந்தது?

1980-களில் அமெரிக்காவில் கார்வெட் கார்கள் அதிகம் திருடு போயின. 1986 மாடல் கார்வெட்டில் சாவியின் உலோகத் தண்டில் ஒரு மின்தடையைப் பதித்து விற்றார்கள். மொத்தம் 15 விதமான மின்தடை மதிப்புகள். சாவி துவாரத்தில் பொருந்தினாலும் மின்தடை மாறினால் வண்டி கிளம்பாது. அங்கே தொடங்கியது பின்னர் சிப்பாக மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபரிலிருந்து புதிய பயணிகள் கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்துத் தரவுகளை வைத்து இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று, 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் இந்தக் கருவியால் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் இது சட்டப்படி கட்டாயமில்லை. அங்கே 2011 முதல் 2021 வரை விற்கப்பட்ட பல கியா, ஹூண்டாய் மாடல்களில் இம்மொபிலைசர் கிடையாது. யூ.எஸ்.பி. ஒயர் ஒன்றை வைத்து அந்தக் கார்களை எடுப்பது எப்படி என்ற வீடியோக்கள் சமூக வலைதளங்களில் பரவி, திருட்டு தாறுமாறாக ஏறியது. கடைசியில் 2023 பிப்ரவரியில் அந்தக் கார்களுக்கு இலவச சாஃப்ட்வேர் அப்டேட் அறிவிக்கப்பட்டது.

ஆக, அவசரத்தில் எரிச்சலூட்டும் இந்த விளக்கு உண்மையில் காரின் காவல்காரர்.

விளக்கு சொல்லும் ஐந்து சேதிகள்

1. இக்னிஷன் ஆன் செய்ததும் சில விநாடி எரிந்து அணைந்தால்: சாதாரணம். விளக்கு வேலை செய்கிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது.

2. கார் பூட்டி நிற்கும்போது மெதுவாக விட்டு விட்டு மின்னினால்: இதுவும் சாதாரணம். பாதுகாப்பு அமைப்பு விழித்திருக்கிறது. இரவில் பார்க்கிங்கில் சிவப்பாக மின்னுவதைப் பார்த்து ‘பேட்டரி இறங்கிடுமே’ என்று பயப்பட வேண்டாம். அது எடுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு.

3. இக்னிஷன் ஆன் செய்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தால், அல்லது வேகமாக மின்னினால்: சாவியின் சிப்பைக் கார் அடையாளம் காணவில்லை.

4. சாவிப் படம் மின்னி ‘பீப்’ சத்தமும் வந்தால்: ஸ்மார்ட் கீ காருக்குள் இல்லை, அல்லது இருந்தும் அதன் பேச்சு கேட்கவில்லை. விமான நிலையக் காட்சியில் நடந்தது இதுதான்.

5. சாவியோடு பேட்டரி படமோ, ‘கீ பேட்டரி லோ’ என்ற வாசகமோ வந்தால்: சாவிக்குள் இருக்கும் பேட்டரி தேய்ந்துவிட்டது. கார் பேட்டரி இல்லை, சாவி பேட்டரி. இன்றே மாற்றினால் நல்லது.

வண்டி ஸ்டார்ட் ஆகலை: என்ன செய்வது?

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பும்போது அல்லது பட்டனை அழுத்தும்போது என்ன சத்தம் வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

‘டக் டக் டக்’ என்று சத்தம், உள்விளக்கு மங்குகிறது, ஹாரன் முனகுகிறது என்றால் கார் பேட்டரி இறங்கியிருக்கிறது. பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் இம்மொபிலைசரும் குழம்பி, சாவி விளக்கைத் தவறாகக் காட்டலாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே சாவியைச் சந்தேகப்படுங்கள்.

“செல்ஃப் நல்லா எடுக்குது, ஆனா இன்ஜின் புடிக்க மாட்டேங்குது” அல்லது “ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல ஆஃப் ஆயிடுது” என்றால், சாவி விளக்கும் எரிகிறது என்றால், இம்மொபிலைசர் தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். சில மாடல்களில் செல்ஃபையே எடுக்க விடாது.

விளக்கெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால், கார் ஸ்மார்ட் கீயைத் தேடிக்கொண்டிருக்கலாம். அல்லது மிதியை ஒழுங்காக மிதிக்கவில்லை. ஆட்டோமேட்டிக் காரில் கியர் ‘பார்க்’ நிலையில் இருக்க வேண்டும், பிரேக் அழுத்தமாக மிதிக்க வேண்டும். மேனுவல் கியர் காரில் பல மாடல்களில் கிளட்சை முழுசாக, அடிவரை மிதிக்க வேண்டும். கிளட்ச்சுக்கு அடியில் மேட் சுருண்டு கிடந்து, அதனால் ஸ்டார்ட் ஆகாமல் போவதும் உண்டு.

சந்தேகம் சாவியின் மேல் வந்தால், கீழே உள்ள வரிசையில் முயலுங்கள். காசு செலவில்லாதது முதலில்.

ஒன்று: எல்லாவற்றையும் ஆஃப் செய்து, சாவியை வெளியே எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயலுங்கள்.

இரண்டு: சாவிக்கொத்தைப் பிரியுங்கள். வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, பெரிய உலோகக் கீசெயின் எல்லாம் சிப்பின் சமிக்ஞையை மறைக்கலாம். இன்னொரு சிப் சாவி அதே வளையத்தில் தொங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, காரைக் குழப்பலாம். கார் சாவியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மூன்று: போன், பவர் பேங்க், வயர்லெஸ் சார்ஜர் ஆகியவற்றைச் சாவியிலிருந்து தள்ளி வையுங்கள். கப் ஹோல்டரில் போனும் சாவியும் ஒட்டிக்கொண்டு கிடப்பது பலருடைய பழக்கம். ஸ்மார்ட் கீயை எடுத்து பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு மீண்டும் பட்டனை அழுத்துங்கள். வயர்லெஸ் சார்ஜர் மேல் சாவியை வைக்கவே வேண்டாம்.

நான்கு: பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். மேலே சொன்ன ‘செத்த பேட்டரி’ வழி இதுதான். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் சுருள், பேட்டரி இல்லாமலேயே சிப்பைப் படித்துக்கொள்ளும். சாவியின் எந்தப் பக்கம் படவேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில கார்களில் பட்டனுக்குப் பதிலாக கப் ஹோல்டருக்குள்ளோ, ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டிலோ சாவியை வைக்கத் தனி இடம் இருக்கும். மேனுவலைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் கார் கிளம்பினால் குற்றவாளி முதல் சாவி. இரண்டிலும் கிளம்பவில்லை என்றால் பிரச்னை காரின் பக்கம்: சாவித் துவாரச் சுருள், ஒயரிங், ஃபியூஸ் அல்லது கணினி.

இதற்கு மேலும் கிளம்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் நல்ல பேட்டரியும் இறங்கிவிடும். “நாலு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும் சார்” என்ற அறிவுரையும் இங்கே எடுபடாது. இம்மொபிலைசர் எரிபொருளையே தடுத்து வைத்திருக்கும்போது, பத்துப் பேர் தள்ளினாலும் இன்ஜின் பிடிக்காது. இன்ஷூரன்ஸ் அல்லது வாரன்டியோடு ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று பார்த்து அழைப்பதே சரி.

ஒரு சின்னக் குறிப்பு: சாவி துவாரத்தில் திரும்பவே மறுக்கிறது, ஸ்டியரிங்கும் அசையவில்லை என்றால் அது இம்மொபிலைசர் பிரச்னை இல்லை, ஸ்டியரிங் லாக். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் சாவி உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கதவே திறக்கலையா?

ஸ்மார்ட் கீயின் பேட்டரி செத்தால் ரிமோட் பட்டனும் வேலை செய்யாது. பதற வேண்டியதில்லை. பெரும்பாலான ஸ்மார்ட் கீக்களின் உள்ளே ஒரு மெல்லிய உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது. ஓரத்தில் இருக்கும் சின்ன கொக்கியைத் தள்ளி இழுத்தால் வெளியே வரும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும். சில கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். இப்படித் திறந்தால் சைரன் அடிக்கலாம். உள்ளே போய் மேலே சொன்ன நான்காவது வழியில் ஸ்டார்ட் செய்தால் அடங்கிவிடும்.

பேட்டரி மாற்ற சர்வீஸ் சென்டர் போகணுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. வாட்ச் கடையிலோ எலக்ட்ரானிக் கடையிலோ கிடைக்கும் காயின் பேட்டரிதான். பழைய பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள். அதிகம் புழங்குவது சிஆர் 2032. அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர் 2025 என்றால் அதே விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம். இரண்டும் 3 வோல்ட்தான் என்றாலும் கனம் மாறினால் தொடர்பு சரியாகப் படாது. “இதுவும் அதுவும் ஒண்ணுதாங்க” என்று கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

உலோகச் சாவியை வெளியே இழுத்த பிறகு தெரியும் இடுக்கில், துணி சுற்றிய சின்ன ஸ்க்ரூடிரைவரையோ நாணயத்தையோ வைத்து மெதுவாக நெம்பினால் சாவி இரண்டாகப் பிரியும். பழைய பேட்டரியில் கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை அதே மாதிரி வையுங்கள். பேட்டரியை ஓரத்தில் பிடியுங்கள். சர்க்யூட் போர்டில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சாவிகளில் பேட்டரியை மாற்றுவதால் உள்ளே இருக்கும் குறியீடு அழிந்துவிடாது. மறுபடி புரோகிராம் செய்ய வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால், முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஸ்மார்ட் கீ பேட்டரி பொதுவாக ஓரிரண்டு ஆண்டுகள் தாங்கும். டி.வி., லேப்டாப், சார்ஜர் பக்கத்திலேயே சாவியை வைத்திருந்தால் அது எந்நேரமும் ஏதோ ஒரு சமிக்ஞைக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். முன்பு பத்து அடி தூரத்தில் திறந்த கதவு இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கிறது என்றால், பேட்டரி சொல்லும் முதல் எச்சரிக்கை அதுதான்.

குழந்தைகள் இருக்கும் வீடா? இதைக் கட்டாயம் படியுங்கள்

சாவி விஷயத்தில் உயிருக்கே ஆபத்தான இடங்கள் இரண்டு. இரண்டிலும் மாட்டுவது குழந்தைகள்.

முதலாவது, கழற்றிப்போட்ட பேட்டரி. பளபளவென்று மிட்டாய் போல இருப்பதால் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். தீர்ந்துபோன பேட்டரியிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். ‘காலையில் வெளியே வந்துடும்’ என்று காத்திருக்கக் கூடாது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவில் சேருங்கள்.

இரண்டாவது, காருக்குள் சாவியும் குழந்தையும். ஸ்மார்ட் கீ உள்ளே இருந்தால் கார் பூட்டிக்கொள்ளாது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. சாவியின் பேட்டரி நன்றாக இருக்கும்வரைதான் அது உண்மை. பேட்டரி தேய்ந்துபோய் கார் அந்தச் சாவியை உணராவிட்டால், கதவு பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. குழந்தை கையில் சாவியைக் கொடுத்து விளையாட விட்டால், அதுவே லாக் பட்டனை அழுத்திவிடவும் கூடும். நம் ஊர் வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களிலேயே அனலாகிவிடும். இப்படி நடந்தால் மாற்றுச் சாவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 112-க்கு அழையுங்கள், குழந்தை சோர்ந்தால், குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை உடையுங்கள். கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு வந்தால்?

இம்மொபிலைசர் பொதுவாக ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான் சாவியைச் சோதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை நடுரோட்டில் சட்டென்று அணைப்பது ஆபத்து என்பதால், சாவி காணாமல் போனாலும் கார் எச்சரிக்கும், ஆனால் ஓடும். அதனால் ஓட்டும்போது சாவி விளக்கு வந்தால் பிரேக் அடித்து நிற்க வேண்டாம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை இன்ஜினை அணைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜின் ஓடும்போதே பாக்கெட், கைப்பை, சீட்டுக்கு அடியில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மாற்றுச் சாவி இருக்கும் இடத்துக்கோ, சாவி வைத்திருப்பவர் இருக்கும் இடத்துக்கோ போய்ச் சேர்ந்த பிறகு அணையுங்கள். பெட்ரோல் பங்க்கில் கட்டாயம் அணைத்தாக வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் பங்க்குக்குள் போகாதீர்கள்.

சாவி தொலைந்துவிட்டால்...

புதிய கார் வாங்கும்போது பொதுவாக இரண்டு சாவி தருவார்கள். ஒன்று தொலைந்ததும் “இன்னொண்ணு இருக்கே” என்று விட்டுவிடுவது பெரிய தவறு. கார் திருடு போய் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று இல்லையென்றால், கவனக்குறைவு என்ற கேள்வி எழும், க்ளெய்ம் இழுபறியாகும்.

எனவே சாவி தொலைந்ததுமே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். பிறகு ஆர்.சி., அடையாள அட்டை, மிச்சமிருக்கும் சாவி, வாங்கும்போது சாவியோடு கொடுத்த எண் பொறித்த சின்ன வில்லை ஆகியவற்றோடு டீலரிடம் போங்கள். புதிய சாவியைப் பதிவு செய்யும்போதே, தொலைந்த சாவியை காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அப்படி நீக்கிவிட்டால், அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் இன்ஜின் கிளம்பாது. பல கார்களில் பதிவு செய்யும் நேரத்தில் எல்லாச் சாவிகளும் கையில் இருக்க வேண்டும்; இல்லாத சாவி நினைவிலிருந்து போய்விடும்.

புதிய ஸ்மார்ட் கீக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ‘கீ ரீப்ளேஸ்மென்ட்’ என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். “சிப் இல்லாமலே டூப்ளிகேட் போட்டுத் தர்றேன், இம்மொபிலைசரை பைபாஸ் பண்ணிடலாம்” என்று யாராவது சொன்னால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். காவல்காரரை வேலையை விட்டு அனுப்புவதும் அதுவும் ஒன்றுதான். க்ளெய்முக்கும் வாரன்டிக்கும் அதுவே வினையாகலாம்.

பழைய கார் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். விலை பேசும்போதே இரண்டு சாவியையும் கேளுங்கள். இரண்டிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால், புதியது போடும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

எப்போது சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்?

பேட்டரி மாற்றிய பிறகும் விளக்கு வந்துகொண்டே இருந்தால். இரண்டு சாவிக்கும் ஒரே பிரச்னை என்றால். சில நாள் கிளம்புகிறது, சில நாள் கிளம்பவில்லை என்றால். சாவி கீழே விழுந்ததிலிருந்தோ வாஷிங் மெஷினில் சுற்றியதிலிருந்தோ தகராறு தொடங்கியது என்றால் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதே வழி. தண்ணீரில் நனைந்த சாவியை உடனே பிரித்து, பேட்டரியைக் கழற்றி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்ட வேண்டாம். வெளியே அலாரம், ஜி.பி.எஸ். மாதிரி ஏதாவது புதிதாகப் பொருத்திய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால், அதை மறக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பல மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

இன்று இரவே செய்ய ஒரு வேலை

வீட்டில் எங்கோ தூங்கும் இரண்டாவது சாவியை எடுங்கள். அதில் கார் திறக்கிறதா, ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகச் சாவியை ஒருமுறை இழுத்து, கதவுத் துவாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி எண்ணைக் குறித்து, அதே எண்ணில் ஒன்று வாங்கி, பாக்கெட் பிரிக்காமல் வையுங்கள். காரை ஓட்டும் எல்லோருக்கும், அப்பா அம்மா உட்பட, சாவியைப் பட்டனில் ஒட்டி ஸ்டார்ட் செய்வது எப்படி என்று செய்து காட்டுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.

விமான நிலையத்தில் யாரையாவது இறக்கிவிடும்போது, ‘போய்ட்டு வாங்க’ சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “சாவியைக் கொடுத்துட்டீங்களா?”